கழுத்து நீண்ட ஒரு பாட்டில் பால் கணக்க நேராக்கின கதை

எல்லார் பாலையும் ஒரே தொட்டில கொட்டி கலந்துட்டா யாரோடது கெட்டிப் பால், யாரோடது தண்ணிப் பால்னு அப்புறம் சொல்லவே முடியாது. 1880கள்ல அமெரிக்காவோட விஸ்கான்சின்ல சீஸ், வெண்ணெய் பேக்டரிங்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. எடைக்கு காசுன்னா தண்ணி ஊத்தினவனுக்கும் ஆடைய வழிச்சுட்டு கொண்டாந்தவனுக்கும்தான் லாபம், நல்ல பால் ஊத்தினவன் வயிறெரிஞ்சு நிப்பான், கொஞ்ச நாள்ல அவனும் எதுக்குடா நாம மட்டும்னு நெனைப்பான்.

இத தீர்த்து வெச்சவர் ஸ்டீபன் பேப்காக், அங்க யுனிவர்சிட்டியோட விவசாய ஆராய்ச்சி நிலையத்துல இருந்த கெமிஸ்ட். 1890ல அவர் வெளியிட்ட டெஸ்ட்ட பாருங்க. கழுத்து ஒல்லியா நீண்டிருக்கற பாட்டில்ல 17.6 மில்லி பால் விட்டு, கிட்டத்தட்ட அதே அளவு கந்தக அமிலம் ஊத்தி கலக்கணும். பாட்டில் தொட முடியாத அளவு சூடாகி உள்ள காப்பி கலருக்கு மாறும். கொழுப்புத் துளிங்கள பிடிச்சு வெச்சிருக்கற புரதத்த அமிலம் கரைச்சுடும், கொழுப்ப தொடாது, அதனால கொழுப்பு உருகி தனியா கழண்டு வரும். மெஷின்ல வெச்சு சுத்தி, சுடுதண்ணி விட்டு மேல ஏத்தினா கழுத்துல மஞ்சளா நிக்கும், 4ங்கற கோட்டுல நின்னா பால்ல கொழுப்பு 4 சதவீதம், எடைய மட்டும் பாக்காம அந்த கொழுப்புக்கு ஏத்த மாதிரி காசு குடுக்கலாம். யார் வேணா எட்டிப் பாத்துக்கலாம், சண்டைக்கே இடம் இல்ல. இவ்ளோ பெரிய விஷயத்துக்கு அவர் பேட்டன்ட் வாங்கல, எல்லாரும் எடுத்துக்கோங்கன்னு விட்டுட்டார், எனக்கு அவர் மேல அவ்ளோ மரியாதை.

டென்மார்க்ல 1882லயே விவசாயிங்க சேந்து முதல் கூட்டுறவு வெண்ணெய் பேக்டரிய ஆரம்பிச்சிருந்தாங்க. அந்த ஊர் கூட்டுறவுகள்ல எத்தன மாடு வெச்சிருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுங்கறதுதான் வழக்கம். 1895ல அங்க வையென்ங்கற ஊர்ல பால் கணக்குல இன்னும் ஒரு படி மேல போய், சங்கமே ஒரு ஆள சம்பளத்துக்கு வெச்சு தொழுவம் தொழுவமா அனுப்பினாங்க. ஒவ்வொரு மாடும் என்ன தின்னுது, எவ்ளோ கறக்குது, அதுல கொழுப்பு எவ்ளோன்னு அவர் நோட்டுல எழுதுவார். பாக்க கொழுகொழுன்னு இருக்கற மாடு தீவனத்துக்கே கட்டுப்படி ஆகலைன்னு அப்பதான் தெரியும்.

அந்த நோட்டு காளைய தேர்ந்தெடுக்கவும் உதவிச்சு. காளை பால் கறக்காது இல்லயா, அதோட கெடேரிங்க வளந்து கன்னு போட்டு கறந்தாதான் அது நல்ல காளையான்னு தெரியும், அதுக்கு பல தொழுவத்து கணக்கு ஒண்ணா வேணும். 1936ல டென்மார்க்கோட சாம்ஸோ தீவுல சினை ஊசிக்குன்னே ஒரு கூட்டுறவு வந்துச்சு, அதுக்கப்புறம் ஒரு நல்ல காளை நூத்துக்கணக்கான தொழுவத்துக்கு பொதுவாயிடுச்சு.