18 வயதுக்குப் பிறகு பகல் பொழுது எங்கே கழியும்?

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் இன்று ஓரளவுக்கு வழி இருக்கிறது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வருகிறது. வளர்ச்சியில் தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். ஒன்றியங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லித் தருகிறார்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. எல்லாம் குறையில்லாமல் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் போய்க் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது.

18 வயது முடிந்ததும் அந்த இடமும் இல்லாமல் போகிறது. சிறப்புப் பள்ளியில் ஒரு விழா வைத்து, சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பி வைக்கிறோம். அடுத்த திங்கட்கிழமை காலை அந்தப் பிள்ளை எங்கே போவான் என்பதற்கு யாரிடமும் பதில் இருப்பதில்லை.

சிறப்புக் கல்வியாளராகப் பள்ளியில் இருந்துவிட்டு, இப்போது வீடு தேடிப் போகும் மறுவாழ்வுப் பணியில் இருக்கிறேன். பள்ளியில் பார்த்த பிள்ளைகளை இரண்டு மூன்று வருடம் கழித்து வீட்டில் பார்க்கும்போது தெரிகிற மாற்றம் சாதாரணமானதல்ல. டவுன் பஸ்ஸில் தனியாக ஏறி, சரியான நிறுத்தத்தில் இறங்கிப் பள்ளிக்கு வந்தவன் இன்று வாசல்படி தாண்டுவதில்லை. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்ட பெண்ணுக்கு நேரம் மிச்சம் என்று அம்மா நைட்டியே போட்டு விடுகிறார். உடம்பு பெருத்துவிடுகிறது. பகலெல்லாம் செல்போன், அதனால் இரவில் தூக்கம் இல்லை, தூக்கம் இல்லாததால் கோபம். கோபம் வந்தால் அடிக்கிறான் என்று டாக்டரிடம் கூட்டிப் போகிறார்கள். மாத்திரை ஒன்று கூடுகிறது. குறைபாடு முற்றிவிட்டது என்று குடும்பம் நினைக்கிறது. நான் பார்த்தவரை பெரும்பாலான வீடுகளில் குறைபாடு அப்படியேதான் இருக்கிறது. செய்வதற்கு ஒன்றுமில்லாத நாட்கள்தான் பிள்ளையை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கின்றன.

பெற்றோர் என்னிடம் கேட்பதோ வேறு கேள்வி. "எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பாங்க?" ஐம்பது வயதைத் தாண்டிய எந்த அம்மாவும் இதைக் கேட்காமல் விட்டதில்லை. உடனே, நல்ல ஹாஸ்டல் இருந்தால் சொல்லுங்கள் என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பகலில் போக ஓர் இடம், தெரிந்த நாலு மனிதர்கள், செய்ய ஒரு வேலை என்று 18 வயதிலேயே அமைந்துவிட்டால், பெற்றோர் காலத்துக்குப் பிறகான ஏற்பாட்டில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. வீட்டைத் தவிர யாரையும் தெரியாமல் நாற்பது வயது வரை இருந்த ஒருவரை, அம்மா இறந்த மறுவாரம் முன்பின் தெரியாத விடுதியில் கொண்டுபோய் விடுவது பெரிய கொடுமை. சாப்பாட்டைத் தொடாமல், பேசிக்கொண்டிருந்த பேச்சையும் நிறுத்திவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பகல் மையம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்கிறேன். இத்தகைய குறைபாடு உள்ளவர்களின் நலனுக்கான மத்திய அரசு அமைப்பான நேஷனல் ட்ரஸ்ட், 10 வயது தாண்டியவர்களின் பகல் மையங்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் வழியாக நிதி தருகிறது. பெற்றோர் சிலர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்து நடத்தும் மையங்களும் உண்டு. தென்காசி மாவட்டத்து ஆயிக்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கமும், சென்னையில் 1985இல் தொடங்கிய வித்யாசாகரும், கட்டடத்துக்குள் மட்டும் இருக்காமல் ஊருக்குள் போய் வேலை செய்வது எப்படி என்று காட்டிய நிறுவனங்கள். ஆனால் நகரத்தை விட்டு இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனால் அப்படி எதுவும் இல்லாத ஒன்றியங்கள் நிறைய.

கேரளத்தில் இதை வேறு மாதிரி யோசித்தார்கள். அங்கே பட்ஸ் என்ற பெயரில் உள்ளாட்சி அமைப்புகளே அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பள்ளி நடத்துகின்றன. குடும்பஸ்ரீ பெண்கள் அமைப்பு துணை நிற்கிறது. 2004இல் திருவனந்தபுரம் மாவட்டத்து வெங்ஙானூர் ஊராட்சியில் முதல் பள்ளி வந்தது. 18 வயது தாண்டியவர்களுக்கென்று தனியாக பட்ஸ் மறுவாழ்வு மையங்களும் இருக்கின்றன. பகலில் வந்து போகலாம், கைத்தொழில் கற்கலாம். இடம் ஊராட்சியுடையது, பொறுப்பும் ஊராட்சியுடையது. நடத்திய தொண்டு நிறுவனத்துக்குப் பணம் நின்றுபோனதால் மையத்தை மூடிவிட்டோம் என்று சொல்லிவிட முடியாது. நம் ஊரில் ஒரு மையம் மூடப்பட்ட செய்தியோடு பெற்றோர் வந்து நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஏற்பாடுதான் நினைவுக்கு வரும்.

மையம் என்றதும் பேப்பர் கவர், மெழுகுவத்தி, ஊதுபத்தி என்று மூன்று தொழிலைச் சொல்லிவிடுகிறோம். அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வாங்க ஆள் இல்லாத பொருளைச் செய்து அறையில் அடுக்கி வைப்பது வேலை ஆகாது. ஊரில் ஏற்கெனவே நடக்கிற வேலையில் ஒரு பகுதியைப் பிரித்து எடுத்தால் நன்றாக ஓடுகிறது. மளிகைக் கடையில் சரக்கு எடை போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். தராசில் எண் படிக்கத் தெரியாதவர் என்றால், ஒரு கிலோவுக்கு இந்தப் படியில் இவ்வளவு என்று கோடு போட்ட படியைக் கொடுத்துவிடலாம். படியை நிரப்பு, கோட்டில் தட்டு, பையில் கொட்டு, மூட்டையிலிருந்து அடுத்தது எடு. இப்படி வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பழக்கி, முதல் சில வாரம் பயிற்றுநர் பக்கத்திலேயே நின்றால் போதும். நான் இப்படிச் சேர்த்துவிட்ட ஓர் இளைஞர் கடை முதலாளியிடம் வாரச் சம்பளம் வாங்குகிறார். டீக்கு அவரே காசு கொடுக்கிறார். தெருவில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. நாற்றுப் பண்ணை, பாக்கு மட்டைத் தட்டு செய்யும் பட்டறை, பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்குக் காய் நறுக்கித் தருவது என்று ஊருக்கு ஊர் வழி கிடைக்கும். முதலாளியிடம் பரிதாபத்தைக் காட்டி இடம் கேட்டால் பத்து நாளில் அனுப்பிவிடுவார். வேலையைக் காட்டிக் கேட்டால் வைத்துக்கொள்வார்.

சரி, காகித வேலைகளுக்கு வருவோம். 18 வயதில் பிள்ளை சட்டப்படி மேஜர். அதுவரை பெற்றோர் இயற்கைக் காப்பாளர். அதன்பின் அப்படி இல்லை என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. வங்கிக்கோ பத்திரப் பதிவுக்கோ போகும்போதுதான் தெரியவருகிறது. 1999ஆம் ஆண்டின் நேஷனல் ட்ரஸ்ட் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கில் ஒன்று உள்ளவருக்குக் கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு சட்டப்படியான காப்பாளரை நியமிக்கலாம். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. இந்தக் குழு தரும் காப்பாளர் சான்றிதழை ஏற்றுக் கணக்குத் தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கியும் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கவுன்ட்டரில் இருப்பவர் முடியாது என்றால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு கதவு திறந்துவிடும்.

எல்லோருக்கும் காப்பாளர் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. இந்த நபருக்குக் காப்பாளர் தேவைதானா, தேவை என்றால் எதற்காக என்று குழு பார்க்க வேண்டும் என்றே சட்டத்தில் இருக்கிறது. தன் பெயரை எழுதி, எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று எளிமையாகச் சொன்னால் புரிந்துகொள்ளும் ஒருவருக்குக் காப்பாளரைப் போட்டு, அவர் கையெழுத்தைச் செல்லாததாக்குவது அநியாயம். ஓட்டுரிமையும் அப்படித்தான். சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்தால் மட்டுமே பட்டியலில் சேர்க்க மறுக்க முடியும். ஆகவே 18 ஆனதும் வாக்காளர் அட்டைக்கு விண்ணப்பியுங்கள். காப்பாளர் தேவைப்படும் இடத்தில், அவருக்கும் கடமை உண்டு. நியமனமான ஆறு மாதத்துக்குள் சொத்து விவரத்தையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் குழுவிடம் தர வேண்டும். புறக்கணித்தாலோ கொடுமைப்படுத்தினாலோ பெற்றோரோ உறவினரோ பதிவு பெற்ற அமைப்போ புகார் கொடுத்து அவரை நீக்க வைக்கலாம். சொத்துக்காகப் பிள்ளையை வைத்துக்கொள்ளும் உறவினரைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. யு.டி.ஐ.டி. எனப்படும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையை 18 வயதை ஒட்டி மறுமதிப்பீட்டோடு புதுப்பித்து வையுங்கள். தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நேஷனல் ட்ரஸ்டின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பு இல்லை, முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனையும் இல்லை, தெரபிக்கும் பணம் கிடைக்கும். ஆனால் வருடா வருடம் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள். பெற்றோரில் ஒருவர் அரசு ஊழியராகவோ ஓய்வூதியராகவோ இருந்தால், சம்பாதித்துப் பிழைக்க இயலாத பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அந்தப் பிள்ளையின் பெயரைத் தாய் தந்தை உயிரோடு இருக்கும்போதே பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். அவர்கள் போன பிறகு ஆவணம் தேடி அலையும் அண்ணன் தங்கைகளின் பாடு மிகவும் பரிதாபம்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாதவிடாயைச் சமாளிக்க முடியவில்லை, வெளியே அனுப்பப் பயமாக இருக்கிறது, அதனால் கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா என்று அம்மாக்கள் காதோடு வந்து கேட்கிறார்கள். கேட்கிற அம்மா கல்நெஞ்சக்காரி இல்லை, களைத்துப் போனவர். ஆனால் பதில் முடியாது என்பதுதான். மாற்றுத்திறனாளியின் முழுச் சம்மதம் இல்லாமல் அவருக்குக் குழந்தைப்பேறு இல்லாமல் செய்யும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்று 2016 சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. சண்டிகர் காப்பகம் ஒன்றில் பாலியல் கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்ற பெண்ணின் வழக்கில், அறிவுசார் குறைபாடு இருந்தாலும் அவள் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொன்னது. சட்டத்தை விடுங்கள். கர்ப்பப்பையை எடுத்தால் கர்ப்பம் நிற்கும், கொடுமை நிற்காது. கர்ப்பம் வராது என்று தெரிந்தவனுக்குத் துணிச்சல் கூடத்தான் செய்யும். மாதவிடாய்ப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்க முடியும். வயதுக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்பே வெறும் நாப்கினை உள்ளாடையில் ஒட்டிப் பழக்குவது, கறை காட்டிப் புரியவைப்பது, படம் ஒட்டிய அட்டையைக் குளியலறையில் மாட்டுவது என்று படிப்படியாகப் போனால் நிறையப் பெண்கள் கற்றுக்கொள்கிறார்கள். யார் எங்கே தொடலாம், தொட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே பழக்க வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கும் இது வேண்டும், அதை அநேகமாக யாருமே செய்வதில்லை.

இன்னொரு பெரிய தேவை, பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வு. ஒரு கல்யாணத்துக்குப் போக, ஓர் ஆபரேஷன் செய்துகொள்ள, அம்மாவுக்கு நாலு நாள் வேண்டும். குறுகிய காலத் தங்கலைப் பல இல்லங்கள் ஏற்பதில்லை. ஏற்கும் இல்லம் கிடைத்தால், அவசரம் வருவதற்கு முன்பே ஓர் இரவு, இரண்டு இரவு என்று விட்டுப் பழக்குங்கள். போகும்போது சொல்லாமல் போய்ப் பாருங்கள். கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, பகலில் எல்லோரும் என்ன செய்கிறார்கள், வேலையாட்கள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று பார்த்தால் அந்த இல்லத்தின் தரம் பாதி தெரிந்துவிடும்.

இப்போது ஒரு நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் எல்லா உள்ளாட்சி அமைப்புகளிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025இல் சட்டம் திருத்தப்பட்டது. உலக வங்கிக் கடனோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடக்கிறது. விழுதுகள் என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வருகின்றன. கணக்கெடுக்க வருபவரிடம், உள்ளறையில் இருக்கும் பிள்ளையை வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காதீர்கள். பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளைக்குச் சேவை வராது. நியமன உறுப்பினரிடம் போய் நம் பிள்ளைகளுக்காகவும் பேசச் சொல்லுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தாங்களே கூட்டத்தில் எழுந்து பேசுவது அரிது என்பதால், மற்ற மாற்றுத்திறனாளிகளின் கோரிக்கைகளுக்கு நடுவே இவர்களுடையது எப்போதும் பின்னால் போய்விடுகிறது.

கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்கு உங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் 18 வயது தாண்டிய பிள்ளைகள் உள்ள நாலைந்து குடும்பம் சேர்ந்து போங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். மனுவில் பெரிதாக ஒன்றும் கேட்க வேண்டாம். பயன்பாட்டில் இல்லாத ஊராட்சிக் கட்டடம் ஒன்று, அதில் கழிவறையும் தண்ணீரும், காலை பத்து முதல் மாலை நான்கு வரை ஒரு பயிற்றுநர், மதியச் சாப்பாடு. எத்தனை பேர், என்ன வயது, எந்தத் தெரு என்று பட்டியல் இணையுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லி, அதன் நகலைக் கையோடு வாங்கி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒன்று, கலெக்டரின் திங்கட்கிழமை மனு நாளில் ஒன்று என்று கொடுத்து, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.