'ரிப்போர்ட்': கொண்டுவருவதும் அறியச்செய்வதும்

வணிக மென்பொருள் எழுதும் அலுவலகங்களில் 'ரிப்போர்ட்' என்னும் சொல் ஒரே நாளில் பல பொருள்களில் வழங்குகிறது. கணக்குப் பிரிவினர் "ரிப்போர்ட் வந்துவிட்டதா?" என்று கேட்டால் அவர்கள் கருதுவது அச்சிட்ட தாளை அல்லது பிடிஎஃப் கோப்பை. நிரலர் "ரிப்போர்ட்டைத் திருத்திவிட்டேன்" என்று சொன்னால் அவர் கருதுவது வடிவமைப்புக் கோப்பை. "ரிப்போர்ட் ஓடவில்லை" என்னும்போது குறை வடிவமைப்பில் உள்ளதா, தரவுத்தளத்திடம் தரவு கேட்கும் வினவலில் உள்ளதா, வழங்கியில் (சர்வரில்) உள்ளதா என்பதே தெரியாது. இவை அனைத்துக்கும் 'அறிக்கை' என்ற ஒரே சொல்லை இட்டுவிட்டால் ஆங்கிலத்தில் இருக்கும் குழப்பம் அப்படியே தமிழுக்கும் வந்துவிடுகிறது. ஆகவே இந்தத் தொழிலைக் கற்கத் தொடங்குவோர் முதலில் சொற்களைப் பிரித்தறிவது நல்லது.

'ரிப்போர்ட்' என்பதன் மூலம் 'ரெபோர்ட்டாரே' என்னும் இலத்தீன் வினைச்சொல். 'ரெ' என்பது 'திரும்ப', 'போர்ட்டாரே' என்பது 'சுமத்தல், எடுத்துச்செல்லுதல்'. போனவர் செய்தியைத் திரும்பக் கொண்டுவருவதே இதன் முதற்பொருள். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கும் போர்ட்டரும், இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் ஆகியவையும் இதே வேரிலிருந்து வந்தவை. சுமப்பவரும் சுமையுமே இச்சொல்லின் உள்ளே இருக்கும் படம்.

தமிழின் 'அறிக்கை' வேறொரு படத்தைக் காட்டுகிறது. 'அறி' என்னும் வினையடியோடு, 'வாழ்க்கை' என்பதில் உள்ளது போன்ற 'கை' விகுதி சேர்ந்து அமைந்தது இது. செய்தியைச் சுமந்து வருபவரைவிட அதை அறிந்துகொள்பவரையே இச்சொல் கருதுகிறது. விவிலியத் தமிழில் 'பாவங்களை அறிக்கையிடுதல்' என்பது மறைத்து வைத்திருந்ததை வெளிப்படச் சொல்லுதல் ஆகும். தேர்தல் அறிக்கை, வெள்ளை அறிக்கை, நிதிநிலை அறிக்கை, காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை ஆகிய வழக்குகளிலும் பிறர் அறியும்படி முறையாக முன்வைத்தல் என்னும் பொருளே நிற்கிறது. இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்குப் பேச்சில் எவரும் 'அறிக்கை' என்பதில்லை. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் எழுத்தில், தரவுத்தளத்திலிருந்து எடுத்து ஒழுங்குபடுத்திக் காட்டப்படுவதற்கு 'அறிக்கை' மிகப் பொருத்தமான சொல். சில பொழுதுகளில் மூலச்சொல்லைவிடவும் பொருத்தமானது என்பேன்.

ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வாடிக்கையாளரின் நிலுவை எத்தனை நாளாக நிற்கிறது என்பதை 30 நாள்வரை, 31 முதல் 60 வரை, 61 முதல் 90 வரை, அதற்கு மேல் என்று பிரித்துக் காட்டும் அறிக்கையை அலுவலகங்களில் 'ஏஜிங்' என்பார்கள். 'நிலுவை வயது அறிக்கை' என்று எழுதலாம். ஒருவருக்கு ரூ. 1,18,000க்கு விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) போடப்பட்டுள்ளது என்றும், அவர் ரூ. 50,000, ரூ. 30,000 என இருமுறை செலுத்தியுள்ளார் என்றும் கொள்வோம். உண்மையான நிலுவை ரூ. 38,000. விலைப்பட்டியல் அட்டவணையையும் வரவு அட்டவணையையும் அப்படியே இணைத்து வினவினால், வரவு இரண்டு என்பதால் அந்த ஒரு விலைப்பட்டியல் இரண்டு நிரைகளில் (கிடைவரிசைகளில்) வரும். கூட்டினால் ரூ. 2,36,000; அதில் ரூ. 80,000ஐக் கழித்தால் நிலுவை ரூ. 1,56,000 என்று நிற்கும். தரவுத்தளம் கேட்டதைத்தான் கொடுத்தது, மென்பொருள் கொடுத்ததைத்தான் கொண்டுவந்தது, பிழைச்செய்தி ஒன்றும் வரவில்லை. 'திரும்பக் கொண்டுவருதல்' என்னும் பொருளில் இது குறையற்ற ரிப்போர்ட். 'அறியச்செய்தல்' என்னும் பொருளில் இது அறிக்கையே அன்று. வரவுகளை விலைப்பட்டியல் வாரியாக முதலில் கூட்டிக்கொண்டு, பிறகு இணைத்தால்தான் ரூ. 38,000 கிடைக்கும். புதியவர்கள் எழுத்துரு, கோடு, நிறம் ஆகியவற்றில் நாள்களைச் செலவிடுகிறார்கள். பெரும்பாலான அறிக்கைகள் கெடுவது இந்த இணைப்பில்தான்.

கணினித் துறையில் இச்சொல் மிகப் பழையது. 1959இல் ஐபிஎம் நிறுவனம் தன் 1401 கணினிக்கென உருவாக்கிய ஆர்பிஜி என்னும் மொழியின் பெயரே 'ரிப்போர்ட் புரோகிராம் ஜெனரேட்டர்', அதாவது 'அறிக்கை நிரல் ஆக்கி' என்பதன் சுருக்கம். துளையட்டைகளைப் படித்துப் பட்டியலிடும் இயந்திரங்களில் பழகியவர்கள் கணினிக்கு மாறுவதை எளிதாக்குவது அதன் நோக்கம். அட்டைகள் கிளை வாரியாக அடுக்கி வரும். கிளை எண் மாறும் இடத்தில் இயந்திரம் ஒரு உட்கூட்டுத்தொகையை அச்சிட்டுவிட்டு அடுத்த கிளையைத் தொடங்கும். இன்றைய அறிக்கை வடிவமைப்பிகளில் குழுத் தலைப்பகுதி, குழு அடிப்பகுதி என்று நாம் இழுத்து வைப்பது அந்த இயந்திரப் பழக்கத்தின் தொடர்ச்சியே.

இனி, பிரித்தறிய வேண்டிய இரண்டு. மைக்ரோசாஃப்ட் 2004இல் எஸ்கியூஎல் சர்வர் என்னும் தன் தரவுத்தள மென்பொருளுக்கென வெளியிட்ட ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் என்பதில், நிரலர் வடிவமைப்பது ஆர்டிஎல் என்னும் எக்ஸ்எம்எல் கோப்பு. அதில் வினவலும், தேதி போலப் பயனர் தரும் அளவுருக்களும், எந்த நெடுவரிசை எங்கே நிற்க வேண்டும் என்னும் குறிப்பும் மட்டுமே இருக்கும், தரவு இராது. ஜாவா உலகில் வழங்கும் ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸில் இந்தப் பிரிவு இன்னும் வெளிப்படை: வடிவக் கோப்பைத் தொகுக்க (கம்பைல் செய்ய) வேண்டும், பிறகு தரவால் நிரப்ப வேண்டும், அதன்பின்னரே பிடிஎஃப் முதலிய வடிவங்களில் வெளியிட முடியும். ஆகவே கோப்பை 'அறிக்கை வரையறை' என்றும், தரவு நிரம்பி வாசகர் கைக்கு வருவதை மட்டும் 'அறிக்கை' என்றும் சொல்வதே சரி. அச்சிட்ட விண்ணப்பப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தையும் நாம் ஒன்றாகக் கருதுவதில்லையே.

அடுத்த சொல் 'டிப்ளாய்', அதாவது செய்து முடித்ததை வழங்கியில் ஏற்றிப் பிறர் பயன்படுத்தும்படி செய்தல். இதற்கு இயந்திர மொழிபெயர்ப்புகள் 'வரிசைப்படுத்தல்' என்று எழுதுவதைக் காணாதவர் இரார். மடிப்பைப் பிரித்தல் என்னும் பொருள்கொண்ட இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் படைத்துறைச் சொல்லாக நிலைபெற்றது இது. 'டிஸ்ப்ளே'யும் இதன் உடன்பிறப்பே. ஒடுங்கி நடந்து வந்த படையை விரித்து வரிசையில் நிறுத்துவது என்னும் பழம்பொருளை எண்ணினால் 'வரிசைப்படுத்தல்' முற்றிலும் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அறிக்கைத் தொழிலில் வரிசைப்படுத்தல் என்பது பெயர் அகரவரிசையிலோ தொகை இறங்குவரிசையிலோ நிரைகளை அடுக்குவது. 'அறிக்கையை வரிசைப்படுத்துக' என்று கையேட்டில் படிக்கும் மாணவர் வழங்கியைத் தேடாமல் நெடுவரிசையின் தலையைச் சொடுக்கிக்கொண்டிருப்பார்.

'நிறுவல்' என்பது இன்ஸ்டாலுக்கு நிலைத்துவிட்டது. 'பதிவேற்றம்' ஓரளவு பொருந்தினாலும், கோப்பு வழங்கியை அடைவது பாதி வேலைதான். தரவு மூலத்தோடு பிணைத்தல், யார் யார் பார்க்கலாம் என்று உரிமை வழங்கல், காலையில் தானாக அஞ்சலில் செல்லும்படி நேரம் குறித்தல் ஆகியவையும் உண்டு. 'அரங்கேற்றம்' எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆயினும் அரங்கேற்றம் ஒருவருக்கு ஒருமுறைதான் நடக்கும், நிலுவை அறிக்கையோ மாதம் நான்கு முறை திருத்தப்பட்டு மேலேறும். புதிய நாணயத்தைப் 'புழக்கத்தில் விடுதல்' என்கிறோம் அல்லவா? அந்தத் தொடரே இதற்குப் போதும் என்பது என் கருத்து. ஒற்றைப் பெயர்ச்சொல் வேண்டும் என்று அதைச் சுருக்கப் பார்க்க வேண்டியதில்லை.

இந்த மறுபாதி வேலையை மறந்து ஒருமுறை நான் சிக்கிக்கொண்டேன். என் கணினியின் முன்தோற்றத்தில் எல்லாம் சரியாக இருந்த விற்பனை அறிக்கை, வாடிக்கையாளரின் வழங்கியில் ஏறிய பின்னும் சோதனைத் தரவையே காட்டியது. ரிப்போர்ட்டிங் சர்வீசஸில் வழங்கியில் ஏற்கெனவே இருக்கும் பொதுத் தரவு மூலத்தை, நாம் தனியே சொன்னாலன்றி, புதிய ஏற்றம் மாற்றி எழுதாது. உண்மையான இணைப்பைக் காக்கும் நல்ல ஏற்பாடுதான் அது; ஆனால் அங்கே முன்பே கிடந்தது சோதனை இணைப்பு. நான் எட்டு முறை ஏற்றியும் அது அசையவில்லை. முன்தோற்றத்தையும் முழுதாக நம்பக் கூடாது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். வடிவமைப்பி தரவை ஒரு துணைக்கோப்பில் சேமித்து வைத்துப் பழையதையே காட்டக்கூடும். மேலும் அது இயங்குவது நிரலரின் உரிமையில், கணக்காளரின் உரிமையில் அன்று.

ஆகவே என் குறிப்பேட்டில் இப்போது இப்படி எழுதுகிறேன்: "அறிக்கை வரையறையை வழங்கியில் ஏற்றுக, தரவு மூலத்தையும் உரிமைகளையும் சரிபார்க்க, கணக்காளரின் பயனர் பெயரில் அறிக்கையைத் திறந்து, ஒரு விலைப்பட்டியலைக் கையால் கூட்டி ஒப்பிட்ட பின் புழக்கத்தில் விடுக."