"சும்மா விசாரணைக்குத்தான்"னு சொன்னா நம்பி வீட்ல உக்காந்துராதீங்க

போன வாரம் மேலூர் பக்கத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயி அன்னைக்கு நாலாவது நாள். கையில ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள பையனோட ஆதார், ரேஷன் கார்டு, தோடு அடகு வச்ச சீட்டு. அந்த 25,000 எங்கம்மான்னு கேட்டா, "ஸ்டேஷன்ல பழக்கம்னு ஒருத்தர் வாங்கிட்டுப் போனாருய்யா, காலைல விட்ருவாய்ங்கன்னு சொன்னாரு"ங்கிறாங்க. எந்தக் காலைலன்னு மட்டும் அந்தாளு சொல்லல. ஏம்மா மொத நாளே வரலன்னு கேட்டேன். "விசாரணைக்குத்தானேய்யா கூட்டிட்டுப் போனாய்ங்க, அரெஸ்ட்னு யாரும் சொல்லலையே."

இதே பதிலை எத்தனை வருஷமா கேக்குறேன்! காசு வாங்காம மனித உரிமை கேஸ் மட்டும் பாக்குற அமைப்பு எங்களுது, எங்ககிட்ட வர்றவங்க முக்காவாசிப்பேர் புரோக்கர்கிட்ட பணத்தை எல்லாம் குடுத்து முடிச்சிட்டு கடைசியாத்தான் வர்றாங்க.

நல்லா கேட்டுக்கோங்க. எந்திரிச்சு வீட்டுக்குப் போறேன்னு சொன்னா விட மாட்டாங்கன்னா அது காவல்தான், அதுக்கு விசாரணைன்னு பேர் வச்சாலும் சரி, "அய்யா ஒரு வார்த்தை பேசணும்ங்கிறாரு"ன்னு சொன்னாலும் சரி. அரசியலமைப்புச் சட்டம் 22வது பிரிவுல 24 மணி நேரத்துக்குள்ள, பயண நேரம் போக, மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும்னு இருக்கு. அந்த மணியை வீட்ல இருந்து கூட்டிட்டுப் போன நிமிஷத்துல இருந்து எண்ணணும், பேப்பர்ல கைதுன்னு எழுதுற நிமிஷத்துல இருந்து இல்ல. நெசமாவே விசாரணைக்கு மட்டும்னா எழுத்துல நோட்டீஸ் குடுத்து வரச் சொல்றதுக்கு பிஎன்எஸ்எஸ்ங்கிற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 35(3) இருக்கு, பழைய சிஆர்பிசி சட்டத்துல நம்ம 41ஏ. நோட்டீஸ் எங்கன்னு வாயைத் திறந்து கேளுங்கப்பா.

இவ்ளோ ஏன் கத்துறேன்னா, பேப்பர்ல எப்படி வரும்னு எனக்குத் தெரியும். திங்கக்கிழமை ராத்திரி வீட்ல இருந்து கூட்டிட்டுப் போயிருப்பாங்க, "வியாழன் மாலை பேருந்து நிலையம் அருகே சந்தேகப்படும்படி நின்றவரை"ன்னு ரிப்போர்ட் வரும். நடுவுல மூணு நாள் எங்க போச்சுன்னு நாங்க கோர்ட்ல கேக்கணும்னா திங்கக்கிழமை ராத்திரியே நீங்க ஏதாவது அனுப்பியிருக்கணும். அந்தக் காலத்துல சீனியருங்க மொத வேலையா தந்தி அடிக்கச் சொல்லுவாங்க, தேதி நேரத்தோட ஆதாரம் நின்னுரும். 2013ல தந்தியையே மூடிட்டாங்க. இப்ப எஸ்பி ஆபீஸுக்கு, சிட்டின்னா கமிஷனர் ஆபீஸுக்கு, ஒரு ஈமெயில் போதும், "இத்தனை மணிக்கு இன்னார் வந்து கூட்டிட்டுப் போனாங்க"ன்னு ரெண்டே வரி. அது கையில இருந்தா மறுநாளே மதுரை ஒத்தக்கடை ஹைகோர்ட் கிளையில ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளைக் கோர்ட் முன்னாடி கொண்டாந்து நிறுத்தச் சொல்ற மனு, போடலாம், 2004க்கு முன்னாடி மாதிரி மெட்ராஸ் பஸ் ஏற வேண்டியதில்ல. ஸ்டேஷன்ல கேமரா இருக்கணும்னு 2020ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, அந்தப் பதிவை அழிக்காம வைங்கன்னும் அந்த மெயில்லயே சேத்து எழுதிருங்க.

அப்புறம் அந்த மாவுக்கட்டு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாருன்னு போட்டோ வந்தா சிரிச்சு ஷேர் பண்ற ஆளுகளை என்ன சொல்றது. நம்மூரு போலீஸ் ஸ்டேஷன் பாத்ரூம் மட்டும் எப்படிய்யா எப்பவும் கைகாலை மட்டும் பாத்து ஒடைக்குது? அந்த அம்மாகூட வந்த தம்பிக்காரரே போன வருஷம் டீக்கடைல வச்சு "ரெண்டு பேருக்கு ஒடைச்சாத்தான் சார் ஊரு உருப்படும்"னு எங்கிட்ட சொன்னவர்தான். அன்னைக்கு சாயங்காலம் மருமகனை ரிமாண்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க, வலது கையில முழங்கை வரைக்கும் கட்டு. மனுஷன் என் மூஞ்சியவே பாக்கல. நானும் ஒண்ணும் கேக்கல.

காயம் எப்படி ஆச்சுன்னு ஆஸ்பத்திரில பதியுற ஏஆர்ல (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) என்ன எழுதியிருந்ததுன்னு நினைக்கிறீங்க, வழுக்கி விழுந்ததுதான். டாக்டர் எப்படி அடிபட்டுச்சுன்னு கேக்கும்போது பக்கத்துல போலீஸ் நின்னா பையன் வேற என்ன சொல்லுவான்? டாக்டருங்களே, தயவுசெஞ்சு அந்த ரெண்டு நிமிஷம் அவங்களை வெளிய நிக்கச் சொல்லுங்க. மாஜிஸ்திரேட் ஏதாவது புகார் இருக்கான்னு கேப்பாங்க, அங்க "இல்லைங்கய்யா"ன்னு சொல்லிட்டு ஜெயிலுக்குப் போயி எங்ககிட்ட அழுதா நாங்க பாதிக் கேஸைத்தான் நடத்த முடியும். அங்கேயே சட்டையைக் கழட்டிக் காட்டுங்க. வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க. ராத்திரியில பொம்பளைங்களை விசாரணைக்குன்னு கூப்பிட்டா அனுப்பாதீங்க, அவங்களை வீட்ல வந்துதான் விசாரிக்கணும்.

ஃப்ரீ வக்கீல்னா ஒழுங்கா பாக்க மாட்டாங்கன்னு ஒரு பேச்சு வேற. காவல்ல இருக்கறவங்க யாரா இருந்தாலும், வருமானம் எவ்ளோ இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டுன்னு 1987 சட்டத்துலயே இருக்கு. பொம்பளைங்க, பிள்ளைங்க, எஸ்சி எஸ்டி மக்களுக்கும் அப்படித்தான். 15100னு நம்பர் இருக்கு, ஜில்லா கோர்ட்லயே சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு. எங்களை மாதிரி அமைப்புகளும் இருக்கோம்.

தோட்டை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு போன் அடிங்க. ராத்திரி ரெண்டு மணின்னாலும் எடுப்பேன், தூக்கக் கலக்கத்துல கொஞ்சம் வள்ளுன்னு விழுவேன், அவ்ளோதான்.