‘கேம்’: வேட்டைக்குரிய உயிர்

ஒரு மொழிபெயர்ப்பில் ‘விளையாட்டுப் பறவைகள்’ என்று படித்தேன். கவுதாரியும் காடையும் மைதானத்தில் இறங்கிவிட்டனவோ என்று ஒரு கணம் தோன்றியது. மூலத்தில் இருந்தது ‘கேம் பேர்ட்ஸ்’. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். ‘கேம்’ என்ற இந்த இரண்டெழுத்துச் சொல் பலரை வழுக்கி விழவைத்திருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் ‘கமென்’ என்றால் மகிழ்ச்சி, கேளிக்கை. அரசர்களும் பிரபுக்களும் பொழுதுபோக்காக வேட்டைக்குப் போனதால், கேளிக்கையைக் குறித்த சொல் வேட்டையையும் குறித்தது. 1300 வாக்கில் வேட்டையில் விழும் விலங்குக்கும் அதுவே பெயராயிற்று. கொல்பவனுக்குக் கேளிக்கை, சரி. மானைக் கேட்டவர் யாரும் இல்லை.

இதற்கு மேல் சட்டம் ஒரு பொருளை ஏற்றியது. அதைப் பார்க்க நம்ம நீலகிரிக்கே போகலாம். துப்பாக்கியோடு மலையேறிய வெள்ளைக்காரர்கள் சில பத்தாண்டுகளிலேயே விலங்குகள் அருகி வருவதைக் கண்டார்கள். 1877இல் அந்த வேட்டைக்காரர்களே சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பெயரில் ‘கேம்’ இருந்தது, ‘மீன்’ இருந்தது, ‘பாதுகாப்பு’ம் இருந்தது. 1879இல் சென்னை மாகாண அரசு இதே நோக்கத்தில் நீலகிரிக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. ‘கேம்’ என்றால் எவையெவை என்று அதில் ஒரு பட்டியல் உண்டு: பைசன், சாம்பார், ஐபெக்ஸ், ஜங்கிள் ஷீப், எல்லா வகை மான்கள், முயல், காட்டுக்கோழி, மயில், கவுதாரி, காடை என்று போகிறது.

பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பைசன் என்று எழுதியிருப்பது பைசன் அல்ல, நம் காட்டுமாடு. ஐபெக்ஸ் என்பது வரையாடு. ஜங்கிள் ஷீப் ஆடே கிடையாது, மான் இனம். அதைத் தமிழும் கேளையாடு என்றே சொல்வதால் அங்கே நாம் சிரிக்க முடியாது.

பெயர் தப்பினாலும் வேலை நடந்தது. பட்டியலில் உள்ள விலங்கை ஆண்டு முழுவதும் சுட முடியாது. வேட்டை கூடாத மாதங்கள் என்று அரசு அறிவிக்கலாம், உரிமம் கேட்கலாம். விதிப்படி நடக்கும் வேட்டையின் கணக்கு எளிது. குட்டி போடும் பருவத்தில் துப்பாக்கி உறங்க வேண்டும். பெட்டையையும் குட்டியையும் விட்டுவிட வேண்டும். வரையாட்டுக் கூட்டத்தில் முதிர்ந்த கிடாயின் முதுகில் வெளிறிய திட்டு ஒன்று சேணம் போட்டதுபோல் தெரியும். அதனால் வேட்டைக்காரர்கள் அதை ‘சேடில்பேக்’ என்றார்கள். அப்படி ஒரு கிழக் கிடாய் போனால் கூட்டம் குலையாது. நாலு பெட்டைகள் போனால் அடுத்த ஆண்டு அவை போடும் குட்டிகளும் இல்லை.

தெற்கே மூணாறு மலைகளில் தேயிலைத் தோட்டக்காரர்கள் வேட்டைக்கென்று காத்துவைத்த இடம்தான் இரவிகுளம். அந்த மலைகளின் பழங்குடிகளான முதுவர்கள் அங்கே காவலர்களாக இருந்தார்கள். 1978இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. வரையாடு மிகுதியாக வாழும் இடங்களில் இன்றும் அது முன்னணியில் நிற்கிறது.

இதைப் புகழ்ச்சியோடு மட்டும் முடித்தால் பாதி உண்மைதான் வரும். மேலே சொன்ன பட்டியலில் புலி இல்லை, செந்நாய் இல்லை. அவை ‘வெர்மின்’, அதாவது ஒழிக்கத்தக்கவை. கொன்று வந்தால் அரசு பணம் கொடுத்த காலம் அது. தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வேட்டையாடிவந்த மக்களும் ஒரே நாளில் சட்டத்தை மீறியவர்கள் ஆனார்கள். ஆக, ‘கேம்’ என்பது உயிரியல் வகை அல்ல, சட்டம் கொடுத்த தகுதி. இன்னாருக்கு, இந்த மாதத்தில், இத்தனைதான் என்று அளந்து கொடுக்கப்பட்ட உயிர்.

சுதந்திர இந்தியாவும் இந்தச் சொல்லை உடனே விடவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வந்தபோது அதில் சிறப்பு, பெரிய, சிறிய என்று மூன்று ‘கேம்’ அட்டவணைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வேட்டை உரிமம் உண்டு. 1991 திருத்தம்தான் அந்த உரிமங்களை எடுத்தது.

அமெரிக்காவில் சொல் இன்னும் முழு உயிரோடு இருக்கிறது. அங்கே காட்டு வாத்து சுடப் போகிறவர் 16 வயது நிரம்பியவர் என்றால் கூட்டரசின் வாத்து முத்திரையை, அதாவது தபால்தலை போன்ற அனுமதி வில்லையை, வாங்கியாக வேண்டும். 1934இல் அதன் விலை 1 டாலர், இப்போது 25. வாங்கிய முத்திரையின் குறுக்கே மையால் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நெடுநாள் விதி. அந்தப் பணம் ஏறக்குறைய முழுவதும் சதுப்பு நிலங்களை வாங்கவும் காக்கவும் போகிறது. 1937 முதல் வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீதான வரியும் மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிக்கே திருப்பப்படுகிறது. வாத்து குறைந்தால் முத்திரை விற்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? ‘வேட்டை விலங்கு’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வேட்டையாடும் விலங்கா, வேட்டையாடப்படும் விலங்கா? ‘வேட்டைப் பறவை’ என்றால் பலருக்கு வல்லூறுதான் நினைவுக்கு வரும், கவுதாரி வராது. ‘வேட்டைக்குரிய விலங்கு’, ‘வேட்டைக்குரிய பறவை’ என்பதே சரி. சற்று நீளம்தான், ஆனால் அந்த ‘உரிய’வில் சட்டம் உட்கார்ந்திருக்கிறது. உரிமை, உரிமம் எல்லாம் அதே வேரில் வந்தவை. சமையலில் ‘கேம் மீட்’ வந்தால் யோசிக்கவே வேண்டாம், வேட்டைக்கறி. ஒருவர் இத்தனைதான் வேட்டையாடலாம் என்ற அளவு ‘பேக் லிமிட்’. அதில் உள்ள பை, வேட்டைக்காரன் தோளில் தொங்குவது. அதைப் ‘பை வரம்பு’ என்று எழுதாமல் ‘வேட்டை வரம்பு’ என்க.

மீனுக்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை. சங்கப் பாடல்களில் பரதவர் கடலில் மீன் பிடிப்பதும் வேட்டம்தான். வேட்டை கூடாத மாதங்களைக் குறிக்கும் ‘குளோஸ் சீசன்’ என்பதற்கு நம் கடற்கரையே சொல் தந்துவிட்டது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2001இல் 45 நாளாகத் தொடங்கி 2017இல் நீண்டது. மீன் இனப்பெருக்கக் காலம் என்பதே காரணம். படகு கரையேறும், வலை பழுது பார்க்கப்படும், சந்தையில் வஞ்சிரம் விலை எகிறும். வீட்டில் கேட்டால் “தடைக்காலம்ல” என்று பதில் வரும். நீலகிரிச் சட்டத்தை இன்று மொழிபெயர்த்தாலும் அந்த இடத்தில் தடைக்காலம் என்றே எழுதுவேன்.