கேலிபர்: விட்டமா, வெறும் பெயரா?

"அவர் கேலிபரே வேற" என்று ஆபீஸில் ஒருவரைப் புகழ்கிறோம். இங்கே தமிழ் தேட வேண்டியதில்லை. தகுதி, தரம் என்று எழுதிவிடலாம். துப்பாக்கிச் செய்தியில் அதே சொல் வரும்போதுதான் தொல்லை.

கிரேக்கத்தில் செருப்புத் தைப்பவர் பயன்படுத்திய பாத வடிவக் கட்டைக்கு 'மரக்கால்' என்று பொருள்படும் ஒரு சொல் இருந்தது. அது அரபுக்குப் போய் 'காலிப்' ஆனது. உலோகத்தை உருக்கி ஊற்றும் அச்சு என்று பொருள். அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குள் நுழைந்து, 16ஆம் நூற்றாண்டில் பீரங்கிக் குழலின் உள் அகலத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. மனிதரின் தரம் என்ற பொருளும் இந்த அளவிலிருந்து கிளைத்ததுதான். நம்மூரிலும் மரக்கால் என்றால் நெல் அளக்கும் அளவை. தொடர்பு ஏதும் கிடையாது, தற்செயல்தான், ஆனாலும் அழகு!

இதன் உடன்பிறப்பு ஒன்றைப் பள்ளிக்கூடத்திலேயே பார்த்திருக்கிறோம். வெர்னியர் காலிப்பர் என்பதும் இதே சொல்லின் திரிபு. பாடநூல் அதை 'வெர்னியர் அளவி' ஆக்கிவிட்டது. கேலிபருக்கும் அதுபோல 'குழல் விட்டம்' என்று வைத்தால் முடிந்தது என்றுதான் தோன்றும். முடியவில்லை.

ரைபிள் குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்காது. குண்டைச் சுழலவிட, திருகுபோல வளைந்து செல்லும் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். விட்டத்தை மேட்டுக்கு மேடு அளப்பதா, பள்ளத்துக்குப் பள்ளமா? அமெரிக்காவின் 30-06 தோட்டாவில் 30 என்பது மேட்டளவு, அதாவது 0.30 அங்குலம். 06 என்பது 1906ஆம் ஆண்டு. 308 வின்செஸ்டர் என்ற தோட்டாவின் பெயரோ பள்ளத்தளவு. பெயர்தான் வேறு, இரண்டிலும் போவது 0.308 அங்குலக் குண்டுதான். 38 ஸ்பெஷல் இன்னும் மோசம்: அதன் குண்டு ஏறத்தாழ 0.357 அங்குலம். பழைய வகைத் தோட்டாவின் கூட்டு (குண்டையும் வெடிமருந்தையும் தாங்கும் பித்தளை உறை) அகலத்தை வைத்து வந்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஆகக் கேலிபர் என்பது பாதி அளவு, பாதி பெயர். இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாவது, சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை வேறு கேலிபருக்கு மாற்றும்போது. அமெரிக்காவில் சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு இது பழகிய வேலை. 1952இல் வந்த 308இன் கழுத்தை, அதாவது கூட்டில் குண்டைப் பிடித்திருக்கும் பகுதியை, சுருக்கித்தான் 1955இல் 243 வின்செஸ்டரை உருவாக்கினார்கள். இரண்டுக்கும் அடிப்பாகம் ஒன்றே. 308 கூட்டுக்கு எண்ணெய்ப் பசை தடவி 243 அச்சுக்குள் அழுத்தினால் கழுத்து ஒடுங்கும். அரபுக்காரரின் 'காலிப்' இங்கே மறுபடி அச்சாகவே வேலை செய்கிறது, பாருங்கள்.

கழுத்து ஒடுங்கும்போது அதன் சுவர் தடிக்கும். தடித்த கழுத்து துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள் விரிய இடமில்லாமல் போனால் குண்டை விடாது, அழுத்தம் எகிறிவிடும். அதனால் சுவர்த் தடிப்பை அளந்து, கூடினால் செதுக்கி, நீளத்தையும் சரிபார்த்தாக வேண்டும். ராணுவக் கூடுகள் பெரும்பாலும் கனமானவை, உள்ளே இடம் குறைவு. மருந்தளவைக் கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மெல்லத்தான் ஏற்ற வேண்டும். பித்தளை விரிசல் விடாமலிருக்கக் கழுத்தைச் சூடாக்கி இளக்குவார்கள். ஆனால் அடிப்பாகத்தில் சூடு ஏறவே கூடாது. அது இளகினால் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்காது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு பொய் மிஞ்சும். கூட்டின் அடியில் பொறித்த பழைய பெயர் அப்படியே இருக்கும். 223 தோட்டாவின் கூட்டை வெட்டி 300 பிளாக்அவுட் என்ற வகைக்கு மாற்றுகிறார்கள். அடியில் இன்னும் '223' என்றுதான் எழுதியிருக்கும். இரண்டும் ஒரே மேகசினில் உட்காரும். 300 தோட்டா சில சமயம் 223 ரைபிளின் அறைக்குள்ளும் புகுந்துவிடும். 0.308 அங்குலக் குண்டு 0.224 அங்குலக் குழலில் எப்படிப் போகும்? துப்பாக்கியே வெடித்துச் சிதறும். அப்படி நடந்தும் இருக்கிறது. மாற்றிய கூடுகளைத் தனிப் பெட்டியில், பெரிய எழுத்தில் பெயரெழுதி வைப்பது இதற்காகத்தான்.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? அளவைச் சொல்லும் இடத்தில் 'குழல் விட்டம்'. பெயரைச் சொல்லும் இடத்தில் 'தோட்டா வகை'. "கேலிபர் மாற்றிய கூடு" என்பதைவிட "வேறு தோட்டா வகைக்கு மாற்றிய கூடு" என்பதே என் ஓட்டு, கொஞ்சம் நீளம்தான் என்றாலும். '12 போர்' (bore) துப்பாக்கியை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். அந்த 12 விட்டமே அல்ல. குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் ஒரு ராத்தலுக்கு எத்தனை என்ற கணக்கு.