கீழ்நோக்கித் திறந்த துளைகளில் மை ஏன் சொட்டுவதில்லை?

திருப்பூரில் துணி அச்சிடும் கூடம் ஒன்றில் வேலை செய்யும் வாசகர் கேட்டிருக்கிறார்: “இங்க்ஜெட் இயந்திரத்தில் மையைத் தெளிக்கும் ஹெட்டில் நூற்றுக்கணக்கான நாசில்கள், அதாவது நுண்துளைகள், கீழ்நோக்கித் திறந்தே இருக்கின்றன. மூடி கிடையாது, வால்வு கிடையாது. மேலே மை நிரம்பி நிற்கிறது. ஆனாலும் இயந்திரம் சும்மா இருக்கும்போது ஒரு சொட்டுகூட விழுவதில்லையே, எப்படி?” இயந்திரத்தைப் பலகாலம் உற்றுப் பார்த்தவருக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும்.

துளி எப்படித் தெறிக்கிறது என்பது பலருக்கும் தெரிந்த கதை. ஹெட்டுக்குள் உள்ள பீசோ வகைப் பீங்கான் மின்னழுத்தம் பட்டதும் லேசாக உருமாறும். மை நிறைந்த சிறு அறையை அது நெருக்கும். துளையிலிருந்து சில பிகோலிட்டர் (ஒரு பிகோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) மை பாயும். நொடிக்குப் பல்லாயிரம் முறை இது நடக்கும். என்னை மயக்குவது அதுவன்று. துளி தெறிக்காத நேரத்தில் மை அசையாமல் நிற்கிறதே, அதுதான்.

துளையின் வாயில் மைக்கு ஒரு மேற்பரப்பு உண்டு. பரப்பு இழுவிசை அதை மெல்லிய தோல்போல இழுத்துப் பிடிக்கிறது. மையின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடினால் அந்தப் பரப்பு வெளியே புடைத்து, மை கசிந்து, துளைகள் உள்ள தகடு முழுவதும் நனைந்துவிடும். அதனால் மையின் அழுத்தத்தை வேண்டுமென்றே வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாக வைக்கிறார்கள். பரப்பு உள்ளே குழிந்து நிற்கும். எவ்வளவு குறைக்கலாம்? 30 மைக்ரான் விட்டமுள்ள துளை, மீட்டருக்கு 0.03 நியூட்டன் பரப்பு இழுவிசையுள்ள மை என்று வைத்துக்கொள்வோம். இழுவிசையை இரட்டித்து ஆரத்தால் வகுத்தால் 4,000 பாஸ்கல் வரும். அதற்கு மேல் இழுத்தால் பரப்பு தோற்றுப்போய்க் காற்று உள்ளே நுழையும். ஆக, வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பூஜ்யமாகக் கொண்டால், பூஜ்யத்துக்கும் மைனஸ் 4 கிலோபாஸ்கலுக்கும் இடையில்தான் மொத்த விளையாட்டும். நடைமுறையில் மைனஸ் 1 கிலோபாஸ்கலை ஒட்டி வைப்பார்கள். வளிமண்டல அழுத்தத்தில் அது வெறும் நூற்றில் ஒரு பங்கு!

இதைப் பெற எளிய வழி, மைத் தொட்டியின் மட்டத்தை ஹெட்டைவிட 10 சென்டிமீட்டர் கீழே வைப்பது. ஒரு சென்டிமீட்டர் உயரம் ஏறத்தாழ 100 பாஸ்கல். கீழே இருக்கும் மை எப்படி மேலே ஏறும் என்ற ஐயம் எழலாம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான்: துளி போனதும் குழிவு ஆழமாகிறது, பரப்பு இழுவிசை மையை இழுத்து அந்த இடத்தை நிரப்புகிறது. நாசிலே தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்கிறது. தொட்டியில் மை மட்டம் இரண்டு சென்டிமீட்டர் இறங்கினால் அழுத்தம் 200 பாஸ்கல் மாறிவிடும் என்பதால், ஹெட்டுக்கு அருகில் ஒரு சிறு துணைத் தொட்டி வைத்து, மட்டத்தை உணரும் சென்சார் சொல்லும்போதெல்லாம் பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பும்.

பெரிய இயந்திரங்களில் துணைத் தொட்டி ஹெட்டுக்கு மேலேயே இருக்கும். அங்கே மைக்கு மேலுள்ள காற்றை ஒரு வெற்றிடப் பம்ப் இழுத்துப் பிடித்துச் சரிக்கட்டுகிறது. மின்சாரம் போனால்? பம்ப் நின்றதும் வெற்றிடம் மெல்லக் கரையும்; எல்லா ஹெட்டிலிருந்தும் மை வடிந்து துணி பாழாகும். மின்சாரம் இல்லாதபோது தானாக மூடிக்கொள்ளும் வால்வை அந்த வழியில் பொருத்துவது இதற்காகத்தான்.

ஹெட்டைச் சுமக்கும் வண்டி இடமும் வலமும் ஓடும் இயந்திரங்களில் இன்னொரு தொல்லை. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி, 0.2 நொடியில் நின்று அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திரும்பினால் முடுக்கம் நொடிக்கு நொடி 10 மீட்டர். புவியீர்ப்புக்குச் சமம்! வண்டி ஓடும் திசையில் கிடையாகக் கிடக்கும் 10 சென்டிமீட்டர் மைக்குழாய் அந்தக் கணத்தில் நிமிர்ந்து நிற்பதாகவே நாசிலுக்குத் தோன்றும். நாம் பாடுபட்டுக் காத்த 1 கிலோபாஸ்கல், ஒரு பக்கத் திருப்பத்தில் பூஜ்யமாகும், மறுபக்கத் திருப்பத்தில் இரட்டிப்பாகும். அதைத் தாங்கத்தான் ஹெட்டுக்கு முன்னால் மெல்லிய படலம் போர்த்திய டாம்பர் என்ற சிறு அறை. அழுத்தம் ஏறினால் படலம் புடைக்கும், இறங்கினால் உள்வாங்கும். அலை நாசிலை எட்டுவதற்குள் அடங்கிவிடும்.

நான் மிகவும் ரசிப்பது மறுசுழற்சி ஹெட்டுகளை. வெள்ளை மைக்கு நிறம் தரும் டைட்டானியம் டை ஆக்சைடு தூளின் அடர்த்தி தண்ணீரைப்போல நான்கு மடங்கு, நின்றால் படியும். ஓடுகளில் அச்சிடும் பீங்கான் மைகளுக்கும் அதே சிக்கல். எனவே மை நாசிலின் முதுகை உரசியபடி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பிரிட்டனின் சார் (Xaar) நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த 1001 ஹெட் இப்படித்தான் இயங்குகிறது. ஓட்டத்துக்கு அழுத்த வேறுபாடு வேண்டும், ஆனால் நாசிலில் மைனஸ் 1 கெடக் கூடாது. வழி இதுதான்: நுழைவாயிலில் பிளஸ் 3, வெளிவாயிலில் மைனஸ் 5 கிலோபாஸ்கல். இரு பாதைகளின் தடையும் சமமாக இருந்தால் நடுவிலுள்ள நாசில் காண்பது இரண்டின் சராசரி, மைனஸ் 1. வேறுபாடான 8 கிலோபாஸ்கல் மையை ஓட்டுகிறது. சராசரி மையைப் பிடித்து நிறுத்துகிறது. ஒன்றைத் தொடாமல் மற்றதைத் திருத்தலாம். இவ்வளவு அழகான தீர்வைப் பொறியியலில் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

ஓட்டம் இன்னொரு நன்மையும் செய்கிறது: காற்றுக் குமிழை அடித்துச் செல்கிறது. மை அறைக்குள் ஒரு குமிழ் இருந்தால், பீசோ தரும் நெருக்கலை அதுவே சுருங்கி விழுங்கிவிடும். துளி வராது, துணியில் வெள்ளைக் கோடு விழும். இயந்திரத்தில் அடிக்கடி கோடு விழுந்தால் திருஷ்டி என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. வெற்றிடக் குழாயின் இணைப்புகளையும் வடிகட்டியையும் பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் இருப்பான். ஹெட்டுகளைப் பெரும்பாலும் ஜப்பானிடமும் பிரிட்டனிடமும் அமெரிக்காவிடமும் வாங்கும் நாம், பாய்ம இயக்கவியல் ஆய்வுக்கூடங்களுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதும் என் கருத்து. மேலே நான் போட்ட கணக்கெல்லாம் கல்லூரி முதலாண்டுப் பாடம்தான். அதைப் பொருளாக்கிப் பார்க்கும் பட்டறைகள்தான் போதவில்லை.

வாசகர் பர்ஜ் பற்றியும் கேட்டிருந்தார். அடைப்பு நீக்க மையைச் சில நொடிகள் நேர் அழுத்தத்தில் தள்ளுவதுதான் பர்ஜ். அது முடிந்ததும் தகட்டின்மேல் மை திரண்டு நிற்கும். ஒரே ஹெட்டில் இரண்டு நிறம் ஓடினால் அந்த மை கலவையாக இருக்கும். அழுத்தம் மைனஸுக்குத் திரும்பியதும் நாசில்கள் அதை உள்ளே உறிஞ்சத் தொடங்கும். மஞ்சளுக்குள் கருப்பு போய்விடும். எனவே துடைப்பானை உடனே ஓட்டிவிடுங்கள். அதன்பிறகும் நிறம் கலங்கியிருந்தால், சுத்தமாகும்வரை வீண் துணியில் சில வரிகள் அச்சிட்டுக் கழித்துவிடலாம்.