சமிஸ்தாத்: தமிழில் என்னவென்று சொல்வது?

பிராக் நகரில் ஓய்கூமெனே என்றொரு பதிப்பகம் இருக்கிறது. லாப நோக்கமில்லாதது. மெய்யியலும் இறையியலும்தான் அதற்கு உயிர். பிளேட்டோவைச் செக் மொழியில் படிக்க நினைப்பவரும், செக் மெய்யியலாளர் யான் பத்தோச்காவின் எழுத்துகளை மொத்தமாகத் தேடுபவரும் அங்கேதான் போய்ச் சேருவார்கள். அது 1980-களில் ஒரு 'சமிஸ்தாத்' வரிசையாக, அதாவது அரசு அச்சிட விடாத எழுத்துகளைத் தாங்களே தட்டச்சு செய்து கைமாற்றிக்கொண்ட நூல் வரிசையாகத் தொடங்கியது. இந்தச் சொல்லை நாம் 'ரகசியப் பதிப்பு' என்றோ 'தலைமறைவு இலக்கியம்' என்றோ எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சொல் ரஷ்ய மொழியுடையது. அதில் 'சாம்' என்றால் தான், தானே. 'இஸ்தாத்' என்றால் வெளியிடு. அதையும் பிரித்துப் பார்த்தால் 'இஸ்' வெளியே, 'தாத்' கொடு. நம்முடைய 'வெளியீடு' என்ற சொல்லும் வெளி, இடு என்ற இரண்டால் ஆனதுதானே! இரண்டு மொழிகளும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்திருப்பதைப் பார்க்க அவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆங்கில வழியாக வந்தவர்கள் 'சமிஸ்டாட்' என்று எழுதுவார்கள். ரஷ்ய ஒலிக்கு நம் தகரமே பொருந்தும்.

சோவியத் நாட்டில் அரசுப் பதிப்பகத்தைச் சுருக்கமாக 'கோஸிஸ்தாத்' என்பார்கள். 1940-களில் நிகொலாய் கிளாஸ்கோவ் என்ற கவிஞர் தன் கவிதைகளைத் தானே தட்டச்சு செய்து, அட்டையில் பதிப்பகத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் 'சம்ஸெப்யாஇஸ்தாத்' என்று போட்டுக்கொண்டார். தன்னைத் தானே வெளியிட்டது என்று பொருள். அதிலிருந்து சுருங்கி நிலைத்ததுதான் சமிஸ்தாத். ஆக, பிறந்தபோது அதில் ரகசியம் என்ற பொருளே இல்லை.

அப்புறம் அது எல்லை தாண்டி செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போனது. 1968-இல் சோவியத் படைகள் நுழைந்த பிறகு பேராசிரியர்களும் எழுத்தாளர்களும் வேலையிழந்தார்கள், அவர்களுடைய நூல்கள் அச்சேறவில்லை. சரி, என்ன செய்தார்கள்? மெல்லிய தாள்களை அடுக்கி, இடையிடையே கார்பன் தாள் வைத்து, தட்டச்சுப் பொறியில் ஓங்கி அடித்தார்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு படிகள். மேல்தாள் பளிச்சென்று இருக்கும். கடைசித் தாளில் எழுத்து புகைபோல் மங்கி, வட்டமான எழுத்துகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். தட்டச்சுப் பள்ளிக்குப் போனவர்களுக்கு அந்தக் கடைசித் தாளை விளக்க வேண்டியதில்லை. அதை வாங்கிப் படித்தவர் பல சமயம் தானும் உட்கார்ந்து இன்னொரு அடுக்கு அடித்தார். வாசகரே படியெடுப்பவராகவும் ஆன இந்த இடம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

செக் எழுத்தாளர் லுத்விக் வாத்சுலிக் நடத்திய 'பெத்லித்சே' வரிசையில் ஒரு நுட்பம் உண்டு. நூலில் ஆசிரியரின் கையொப்பம் இருக்கும். கூடவே 'இந்தக் கையெழுத்துப் படியை மேலும் படியெடுப்பது வெளிப்படையாகத் தடைசெய்யப்படுகிறது' என்ற ஒரு வரி. சட்டத்தின் கண்ணில் அது நூலல்ல, ஆசிரியரின் கைப்பிரதி மட்டுமே. அந்தச் செக் வரியின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'வ்ஸ்தோர்' என்று வரும். எதிர்த்து நிற்பது என்று அர்த்தம்! பெயரை மறைக்காமல் கையெழுத்தே போட்டுக் கொடுத்ததை 'ரகசியப் பதிப்பு' என்று எப்படிச் சொல்வது? ஒளித்துவைக்க வேண்டி வந்தது காவல்துறையால். பத்தோச்காவும் தன் பெயரோடுதான், மனித உரிமைகளை மதிக்கும்படி அரசைக் கேட்ட 'சாசனம் 77' இயக்கத்தின் பேச்சாளராக முன்னே நின்றார். காவல்துறையின் நீண்ட விசாரணைகளுக்குப் பிறகு 1977 மார்ச்சில் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற எழுத்துகளை மாணவர்கள் தட்டச்சுத் தொகுதிகளாகவே காப்பாற்றினார்கள்.

'ஓய்கூமெனே' கிரேக்கச் சொல். 'ஓய்கோஸ்' என்றால் வீடு. அதிலிருந்து 'மக்கள் குடியிருக்கும் உலகம்' என்று விரிந்து, பிறகு திருச்சபை முழுவதையும் குறிக்கும் இறையியல் சொல்லானது. செக் மெய்யியலாளர் லதிஸ்லாவ் ஹெய்தானெக் தன் வீட்டில் 1980 முதல் திங்கட்கிழமைதோறும் மெய்யியல் வகுப்பு நடத்தினார். அந்த வட்டத்திலிருந்து வந்த வரிசைக்கு வீட்டை வேராகக் கொண்ட இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம்! 1989-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகு அது சட்டப்படியான பதிப்பகமானது. இன்றும் தன் பெயரைக் கிரேக்கப் பெரிய எழுத்துகளிலேயே எழுதுகிறது.

இனி தமிழ்ச் சொல். நேர்ச்சொல் 'தன்வெளியீடு'. ஆனால் கைக்காசைப் போட்டுப் புத்தகம் அடிப்பதையும் நாம் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறோம், குழப்பம் வரும். 'மறைபதிப்பு' மறுபடி ரகசியத்துக்கே போகிறது. என் தேர்வு 'தற்படி'. தன்னோடு காப்பு சேர்ந்து தற்காப்பு ஆவதுபோல, தன்னோடு படி சேர்ந்து தற்படி. படி என்பது நகல், படி என்பது வாசி. எழுதியவர், அடித்தவர், வாங்கிப் படித்துத் திரும்ப அடித்தவர் மூவருக்கும் அதில் இடம் இருக்கிறது. வெளிநாட்டில் அச்சாகித் திருட்டுத்தனமாக உள்ளே வந்த நூல்களை ரஷ்யர்கள் 'தமிஸ்தாத்' என்பார்கள், 'தாம்' என்றால் அங்கே. அதற்கு 'அயற்படி' என்று சொல்லிப் பார்க்கலாம்.